பாடக்குறிப்பில் சுயபயிற்சி: முதலில் கணக்கை எழுதுங்கள், அப்புறம் பாடத்தை

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தக்கலைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கிறேன், எட்டாம் வகுப்புக் கணக்கு. வழிகாட்டி ஆசிரியை என் பாடக்குறிப்பைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் தானே செய்வதற்கு இதில் இடமே இல்லையே" என்றார். கடைசியில் 'மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளைச் செய்வர்' என்று ஒரு வரி எழுதித்தான் இருந்தேன். சுயபயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? எப்போது பிள்ளைகளைத் தனியே விடலாம்? பாதிப் பேருக்கு வராவிட்டால் என்ன செய்வது? வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் போதாதா?

பதில்: உங்கள் வழிகாட்டி ஆசிரியை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அந்த ஒரு வரியைத்தான் பெரும்பாலான பாடக்குறிப்புகளில் பார்க்கிறேன். அறிமுகத்துக்கு அரைப் பக்கம், துணைக்கருவிக்கு நாலு வரி, ஆசிரியர் செயலுக்கு இரண்டு பக்கம், பிள்ளை செய்ய வேண்டியதற்கு ஒரு வரி. வகுப்பிலும் அதே கதைதான். அறிமுகம் நீளும், விளக்கம் நீளும், கடைசி ஐந்து நிமிடத்தில் "பயிற்சி 2-இல் முதல் மூன்று கணக்கைப் போடுங்க" என்று சொல்லும்போது மணி அடித்துவிடும். மிச்சம் வீட்டுக்குப் போகும்.

என் யோசனை எளிது. பாடக்குறிப்பைப் பின்னாலிருந்து எழுதுங்கள். பாடவேளையின் முடிவில் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் போட வேண்டிய கணக்குகளை முதலில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை எழுதுங்கள். வரக்கூடிய தப்பான விடையையும் எழுதுங்கள். அந்தத் தப்பு ஏன் வருகிறது என்று பக்கத்தில் ஒரு வரி. இவ்வளவும் ஆன பிறகு, இந்தக் கணக்குகளைத் தானே போடும் நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுவர நான் என்ன காட்ட வேண்டும், எதைச் சேர்ந்து செய்ய வேண்டும் என்று மேலே ஏறி எழுதுங்கள். அறிமுகம் கடைசியாக வரட்டும். இப்படி எழுதினால் விளக்கம் தானாகச் சுருங்கும். தேவையில்லாத சார்ட் ஒன்றிரண்டு குறையும்.

சுயபயிற்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஆசிரியர் செய்து காட்டியாயிற்று, அப்புறம் வகுப்பே சேர்ந்து செய்தாயிற்று. இனி கரும்பலகையில் மாதிரி இல்லை, பக்கத்தில் இருப்பவன் குரல் இல்லை, "அடுத்து என்ன?" என்று ஆசிரியர் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. பிள்ளையும் நோட்டும் மட்டும். ஆனால் ஆசிரியர் அதே அறையில், கண் பார்க்கும் தூரத்தில் இருக்கிறார். இந்த நேரத்துக்குத்தான் சுயபயிற்சி என்று பெயர். கரும்பலகையில் இருக்கும் விடையை நோட்டில் இறக்குவதை இதில் சேர்க்க முடியாது. கைடைப் பார்த்து எழுதுவதும் அப்படியே. பிள்ளைக்கு இன்னும் காட்டாத பாடத்தைக் கொடுத்து "நீயே படிச்சுப் பாரு" என்பது முற்றிலும் வேறு விஷயம்.

இந்த வரிசை ஒன்றும் புதிது அல்ல. கலிபோர்னியாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த மேடலின் ஹன்டர் ஒரு பாடத்துக்கென வகுத்த ஏழு கூறுகளில் வழிகாட்டலுடன் செய்யும் பயிற்சி ஆறாவது, தானே செய்யும் பயிற்சி ஏழாவது. ஏழும் ஒவ்வொரு பாடவேளையிலும் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அதை டிக் போடும் பட்டியலாக ஆக்கிவிட்டார்கள். 1983-இல் பியர்சனும் கல்லகரும் வாசிப்புக் கற்பித்தல் பற்றி எழுதும்போது, பொறுப்பு ஆசிரியர் கையிலிருந்து பிள்ளை கைக்குப் படிப்படியாக மாறுவதை விளக்கினார்கள். 'நான் செய்கிறேன், நாம் செய்கிறோம், நீ செய்' என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்களே, அதுவும் இந்தக் கருத்துதான்.

நம் ஊரிலேயே இதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தங்கள் வேகத்தில் படித்த முறை, உங்களுக்கு நினைவிருக்கலாம். உங்கள் வயதுக்கு நீங்களே அந்த அட்டைகளை எடுத்துப் படித்தவராகவும் இருப்பீர்கள். அதில் பிள்ளைகள் உட்காரும் குழுக்களைப் பாருங்கள்: ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, தானே கற்கும் குழு, கடைசியில் மதிப்பீட்டுக் குழு. உதவி படிப்படியாக விலகுகிறது. விலகிய பிறகுதான் மதிப்பீடு. அந்த முறை நடைமுறையில் எப்படி நடந்தது என்பதில் எனக்குக் குறைகள் உண்டு, ஆனால் இந்த வரிசை பிசகில்லாதது. மேல் வகுப்புக்கு வந்ததும் நாம் இந்த வரிசையின் நடுப்பகுதியை அப்படியே கைவிட்டுவிட்டோம். விளக்கம், அப்புறம் நேரே தேர்வு.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுப் பழகுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பட்டை திரும்பச் சீராக வளராது. அதனால் கற்றுக்கொடுப்பவர் வெட்டிக் காட்டுவார், கையைப் பிடித்து வெட்ட வைப்பார், அப்புறம் கத்தியைக் கொடுத்துவிட்டு வாய் பேசாமல் பக்கத்தில் நிற்பார். அந்தப் பக்கத்தில் நிற்கும் நேரம்தான் உங்கள் பாடக்குறிப்பில் விட்டுப்போயிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் இலாப, நட்ட சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதினால் சுயபயிற்சிக் கணக்குகள் இப்படி இருக்கும்.

முதல் கணக்கு: தோவாளைச் சந்தையில் ஒரு வியாபாரி ஒரு கிலோ மல்லிகைப் பூவை 400 ரூபாய்க்கு வாங்கி 500 ரூபாய்க்கு விற்கிறார், இலாப சதவீதம் என்ன? இலாபம் 100, அடக்க விலை 400, விடை 25 சதவீதம். இரண்டாவதும் இதே போல, எண் மட்டும் வேறு: 250-க்கு வாங்கி 300-க்கு விற்றால் 20 சதவீதம். இந்த இரண்டும் கரும்பலகையில் செய்ததின் நேர் நகல்கள். பிள்ளை "எனக்கு வருது" என்று நிமிர வேண்டும், அதற்காக. மூன்றாவது நட்டம்: 800-க்கு வாங்கியதை 720-க்கு விற்றால் 10 சதவீத நட்டம். நாலாவதில் ஒரு சின்ன மாற்றம் செய்வேன். விற்ற விலையை முன்னால் சொல்வேன்: 'ஒரு பொருளை 360 ரூபாய்க்கு விற்றார். அதை அவர் வாங்கியது 300 ரூபாய்க்கு.' விடை 20 சதவீதம். ஐந்தாவது திரும்பிப் போகும் கணக்கு: 1,200 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 15 சதவீத இலாபத்தில் விற்க வேண்டும், என்ன விலை சொல்ல வேண்டும்? 1,380. ஆறாவது இந்தப் பாடமே இல்லை. போன மாதம் நடத்திய ஏதாவது ஒன்று, ஒரு விகிதமுறு எண் கூட்டல் மாதிரி.

இப்போது தப்பு விடைகளைப் பாருங்கள். முதல் கணக்குக்கு ஒரு பிள்ளை 20 சதவீதம் என்று எழுதினால், 100-ஐ 500-ஆல் வகுத்திருக்கிறாள். விற்ற விலையை அடிப்படையாக எடுத்துவிட்டாள். அதே பிள்ளை நாலாவதில் 16⅔ எழுதுவாள், 60-ஐ 360-ஆல் வகுத்து. அவளுக்கு எதன் மேல் சதவீதம் எடுக்கிறோம் என்பதே பிடிபடவில்லை. இன்னொருவன் முதல் கணக்கில் 25 என்று சரியாக எழுதி, நாலாவதில் மட்டும் 16⅔ எழுதுகிறான் என்றால் அது வேறு நோய். அவன் கணக்கில் முதலில் வரும் எண்ணை எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருக்கிறான். முதல் மூன்று கணக்கிலும் அடக்க விலை முன்னால் வந்ததால் தப்பித்தான். புத்தகத்தில் வரிசையாக வரும் கணக்குகளை மட்டும் கொடுத்திருந்தால் இவனுக்குப் பத்துக்குப் பத்து விழுந்திருக்கும், தேர்வில்தான் மாட்டியிருப்பான். இந்த இரண்டு பேருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியது வேறு வேறு. முதல் பிள்ளைக்கு, "உன் கையை விட்டுப் போன காசு எது? அதுக்கு மேல எவ்வளவு வந்துது?" என்று கேட்டு அடிப்படையைத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டாமவனுக்கு, "கணக்கைச் சத்தமா வாசி. எது வாங்கினது?" என்ற ஒரு கேள்வி போதும்.

இப்படி ஆறு கணக்கும், விடையும், தப்பும் பாடக்குறிப்பில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் நடந்தால், நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே பிசகு என்று தெரியும். யோசித்து நிற்க வேண்டியது இல்லை.

எப்போது தனியே விடலாம் என்று கேட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் பேராசிரியராக இருந்த பராக் ரோசன்ஷைன் நல்ல ஆசிரியர்களின் வகுப்புகளை வைத்து நடந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதியிருக்கிறார். சேர்ந்து செய்யும் கட்டத்தில் பிள்ளைகள் சொல்லும் பதில்களில் சுமார் 80 சதவீதம் சரியாக வர வேண்டும், அப்போதுதான் அடுத்த கட்டம். தானே செய்யும்போது 95 சதவீதம் வரை சரியாகவும் தயக்கமின்றியும் வர வேண்டும் என்று 1986-இல் ஸ்டீவன்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் சொல்கிறார். முதல் நாளிலேயே 95 வந்துவிடாது, அங்கே போய்ச் சேருவதுதான் குறி. இந்த இரண்டு எண்களும் நமக்கு ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. சுயபயிற்சி என்பது பிள்ளை தடுமாறிக் கண்டுபிடிக்கும் நேரம் அல்ல, ஏற்கெனவே பிடிபட்டதைக் கையில் படிய வைக்கும் நேரம். தடுமாற்றம் எல்லாம் அதற்கு முந்திய கட்டத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நடந்து முடிந்திருக்க வேண்டும். தப்பாகவே பத்துக் கணக்குப் போட்ட பிள்ளை அந்தத் தப்பைப் பத்துத் தடவை பழகிவிட்டது. அதை அழிப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

80 சதவீதம் வந்ததா என்று எப்படித் தெரியும்? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று ராகம் போட்டு வரும். அதை நம்பாதீர்கள். முதல் பெஞ்சில் நாலு பேர் கையைத் தூக்குவதையும் நம்பாதீர்கள். ஒரு கணக்கைச் சொல்லி, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பெரிதாக எழுதி, நான் சொன்னதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று பழக்குங்கள். தொடக்கப் பள்ளியில் சிலேட்டு இதற்குத்தான் எவ்வளவு வசதி! 40 பேர் வகுப்பில் 32 விடை சரியாக இருந்தால் விடலாம். இரண்டாவது கணக்கிலும் அப்படியே இருந்தால் தைரியமாக விடலாம். இருபதுதான் சரி என்றால் சுயபயிற்சியை ஒத்திப் போடுங்கள். பாடக்குறிப்பில் இன்றைக்கு என்று எழுதியிருக்கிறதே என்று பார்க்காதீர்கள், இன்னும் இரண்டு கணக்கைச் சேர்ந்து செய்யுங்கள்.

நேரம் பற்றி. 45 நிமிடப் பாடவேளை என்றால், நேற்றையதை நினைவுபடுத்த ஐந்து நிமிடம், செய்து காட்ட பத்து பன்னிரண்டு, சேர்ந்து செய்யப் பத்து, தானே செய்யப் பன்னிரண்டு பதினைந்து, கடைசியில் விடை சரிபார்க்க மூன்று நாலு. இது சராசரிக் கணக்குதான். புதுக் கருத்தைத் தொடங்கும் முதல் நாளில் சுயபயிற்சி ஐந்து நிமிடம்கூடப் போதும். அதே அலகின் நாலாவது நாளில் அரை மணி நேரம் ஆகலாம். ஒரு பாடவேளையை மட்டும் பார்க்காமல் ஒரு அலகு முழுவதும் இந்தப் பங்கு எப்படி வளர்கிறது என்று பாருங்கள்.

பிள்ளைகள் எழுதும் அந்தப் பதினைந்து நிமிடம் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? நாற்காலியில் உட்காரவும் கூடாது, வருகைப் பதிவேட்டைத் திறக்கவும் கூடாது. நடக்க வேண்டும். முதலில் போக வேண்டியது விடை தூக்கிக் காட்டியபோது தப்பு எழுதிய பிள்ளைகளிடம். அவர்கள் பெயரை மனதில் குறித்துக்கொண்டு அங்கே தொடங்குங்கள். ஒரு பிள்ளையிடம் 30 வினாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால், நீங்கள் முந்திய கட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ரோசன்ஷைனும் இந்த 30 வினாடியைத்தான் சொல்கிறார். ஒரே பிள்ளையிடம் ஐந்து நிமிடம் குனிந்து நின்றால் பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும். அப்புறம் அதை அடக்கவே நேரம் சரியாகிவிடும்.

அந்த 30 வினாடியில் பேனாவைப் பிடுங்கிக் கணக்கைப் போட்டுக் கொடுக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். "சார், எனக்கு வரல" என்று ஒரு பிள்ளை சொல்லும். "எந்த வரி வரைக்கும் வந்துது மக்ளே?" என்று கேளுங்கள். அது இலாபம் 60 என்ற வரியில் விரலை வைக்கும். "சரி, அந்த 60 எதுக்கு மேல கிடைச்சது?" அவ்வளவுதான், நகர்ந்துவிடுங்கள். பதிலுக்குக் காத்து நிற்க வேண்டாம். நீங்கள் ஒரு சுற்று சுற்றி வரும்போது அது 300 என்று எழுதி முடித்திருக்கும். எழுதவில்லையா, அந்தப் பிள்ளைக்குத் தேவை பாதி போட்ட கணக்கு. முதல் இரண்டு வரி எழுதி மூன்றாவது வரியைக் காலியாக விட்ட ஒரு கணக்குத் துண்டுச் சீட்டு உங்கள் கையில் தயாராக இருக்கட்டும். முழுதாகப் போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிக்கும் பிள்ளைகள் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் இயற்கணிதக் கணக்குகளை வைத்துக் காட்டினார்கள். பாதி போட்ட கணக்கு அதற்கும் தனியே போடும் கணக்குக்கும் நடுவில் ஒரு படி.

பாதிப் பேருக்கு வராவிட்டால்? நிறுத்திவிடுங்கள். தயங்க வேண்டாம். நாலில் ஒரு பங்குப் பிள்ளைகள் ஒரே இடத்தில் மாட்டினாலே, "எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க" என்று சொல்லி அந்த ஒரு வரியை மட்டும் கரும்பலகையில் திரும்ப நடத்துங்கள். ஒவ்வொருவரிடமும் போய் அதையே பத்துத் தடவை சொல்வது ஆசிரியர் உயிரை எடுக்கும், வகுப்புக்கும் பலன் இல்லை.

சீக்கிரம் முடித்த பிள்ளைகளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பும் வழக்கம் இருக்கிறது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக் காலத்திலிருந்து வருகிறது. சேர்ந்து செய்யும் கட்டத்தில் அது நல்லது. சுயபயிற்சியின்போது எனக்குச் சம்மதம் இல்லை. போகிற பிள்ளை விடையைத்தான் கொடுக்கும், வழியை அல்ல. முடித்த பிள்ளைக்கு இதே மாதிரி இன்னும் ஐந்து கணக்கு கொடுப்பதும் தண்டனை மாதிரிதான். "விடை 12½ சதவீதம் வருகிற மாதிரி நீயே ஒரு கணக்கு உண்டாக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளையே வியர்க்கும்.

ஆறாவது கணக்காகப் பழைய பாடம் ஒன்றைப் போட்டேனே, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாகப் போடும்போது கை வேகமாக ஓடும், ஆனால் எந்த முறையை எடுப்பது என்று பிள்ளை யோசிக்கவே தேவையில்லை. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்கள் சிலர் திண்ம உருவங்களின் கன அளவுக் கணக்குகளை வகை வகையாகப் பிரித்துப் பயின்றார்கள், சிலர் கலந்து பயின்றார்கள். பயிலும்போது பிரித்துச் செய்தவர்களே அதிகம் சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது கலந்து செய்தவர்கள் 63 சதவீதம், பிரித்துச் செய்தவர்கள் 20 சதவீதம். வகுப்பில் எல்லாம் சரியாகப் போடுகிற பிள்ளை பருவத் தேர்வில் விழிப்பது ஏன் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

பழைய பாடத்தைத் திரும்ப எடுப்பது நம் குமரி மாவட்டத்துக்கு இன்னும் அதிகம் பொருந்தும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற இடம். ஜூனில் பள்ளி திறந்ததும் மழை, ஐப்பசி கார்த்திகையில் மறுபடி மழை விடுமுறை. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காட்டுக் கொடை என்று உள்ளூர் விடுமுறைகள் வேறு. விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து நாலு கணக்கு, விளக்கம் எதுவும் இல்லாமல் நேராகச் சுயபயிற்சி. மறந்ததை நினைவிலிருந்து இழுத்து எடுக்கும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் காட்டியிருக்கிறார்கள். வந்தவுடன் மீண்டும் விளக்கினால் பிள்ளைக்குப் புரிந்த மாதிரி இருக்கும், ஒன்றும் தங்காது.

வீட்டுப்பாடம் போதாதா என்ற கேள்விக்கு என் பதில், போதாது. இதில் எனக்குக் கோபமே உண்டு. வீட்டில் தப்பான வரியைப் பார்க்க யாரும் இல்லை. குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போன அப்பா எப்போது கரைக்கு வருவார் என்று காத்திருக்கும் வீடுகள், விளவங்கோட்டில் முந்திரி ஆலை வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் திரும்பும் அம்மாக்கள். டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள், போக வழியில்லாத பிள்ளை காலையில் பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்துக் காப்பி அடிக்கிறது. நோட்டு இரண்டும் நிறைந்திருக்கும். நாம் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவோம். உதவி கிடைக்கிற வீட்டுக்கும் கிடைக்காத வீட்டுக்கும் இருக்கும் இடைவெளியை வகுப்பறையால் கொஞ்சமாவது அடைக்க முடியும் என்றால், அது பிள்ளை வகுப்பிலேயே, நம் முன்னால் பயிலும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். வீட்டுப்பாடம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் தானே சரியாகப் போட்டு முடித்த வகையில் இரண்டே இரண்டு கணக்கு கொடுங்கள். யார் உதவியும் இல்லாத வீட்டிலும் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கணக்கின் மொழியையும் கவனியுங்கள். தனியே விட்டதும் பிள்ளை தானே வாசித்தாக வேண்டும். மேற்கே போகப் போக வீட்டுப் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், புத்தகத் தமிழ் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தூரத்தில் இல்லை. 'அடக்க விலை' என்ற சொல்லில் முட்டி நிற்கும் பிள்ளையைச் சதவீதம் தெரியாத பிள்ளை என்று எழுதிவிடுவோம். தொடங்கும் முன் ஆறு கணக்கையும் ஒரு முறை நீங்களே சத்தமாக வாசித்துவிடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

தமிழாசிரியர்களுக்கும் இதே வழி பொருந்தும். வல்லினம் மிகும் இடம் நடத்திவிட்டு, மிகும் தொடர்களை மட்டும் பயிற்சிக்குக் கொடுத்தால் பிள்ளை எல்லா இடத்திலும் ஒற்றெழுத்தைப் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். 'பாலைக் குடித்தான்' பக்கத்தில் 'பால் குடித்தான்' இருந்தால்தான் இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்திருக்கிறதா, மறைந்திருக்கிறதா என்று பார்க்கவே தோன்றும்.

ஈராசிரியர் தொடக்கப் பள்ளிக்கு நீங்கள் போக நேர்ந்தால் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற வகுப்பு சுயபயிற்சியில்தான் இருந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. அந்த வேலை நேற்றோ முந்தாநாளோ நன்றாகப் படிந்ததாக இருக்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரித்திருப்பது இதற்கு வசதி. நிலைக்குத் தகுந்த தாள் கையில் இருந்தால் ஆசிரியர் திரும்பி நிற்கும்போதும் வேலை நடக்கும்.

பாடக்குறிப்பில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். பள்ளியில் கேட்கும் படிவத்தில் வலுவூட்டுதலுக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவில் எழுதுங்கள். சேர்ந்து செய்வது வலுவூட்டுதலில் வந்துவிடும். கல்லூரியில் ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட் வழி வந்த ஐந்து படிகளில் கேட்டால் கடைசிப் படியான செயல்படுத்தலில் போடலாம். உங்கள் பாடத்தைப் பார்வையிட வருகிறவர், நீங்கள் பதினைந்து நிமிடம் பேசாமல் நடப்பதைப் பார்த்து என்ன நினைப்பாரோ என்ற பயம் வரும். அந்தப் பயத்தில்தான் பல பயிற்சி ஆசிரியர்கள் மணி அடிக்கும் வரை பேசுகிறார்கள். கணக்கும் தப்பு விடையும் எழுதிய பக்கத்தை முன்கூட்டியே அவர் கையில் கொடுங்கள். "சார், இந்தத் தப்பு வருதான்னு பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடங்கள். நான் பாடம் பார்க்கப் போகும்போது அந்தப் பக்கம் கைக்கு வந்தால், ஆசிரியர் எவ்வளவு பேசினார் என்பதை அப்புறம் கவனிப்பதே இல்லை. நானும் எழுந்து நோட்டுகளைப் பார்க்கத்தான் போவேன்.

பாடவேளை முடிவில் எல்லா நோட்டையும் திருத்த வேண்டியதும் இல்லை. விடைகளைச் சொல்லி அவர்களே சரிபார்க்கட்டும். யாருக்கு எந்தத் தப்பு என்று நடக்கும்போது நீங்கள் ஒரு துண்டுத் தாளில் குறித்தது போதும். நாளைக்கு முதல் ஐந்து நிமிடத்தில் வரவேண்டிய கணக்கு எது என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

இந்த அலகில் உங்களுக்கு அடுத்து வருவது கூட்டு வட்டி என்றால், இன்றைக்கே உட்கார்ந்து பின்னாலிருந்து எழுதிப் பாருங்கள். அசல் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம், 2 ஆண்டு. கூட்டு வட்டி 210. ஒரு பிள்ளை 200 எழுதினால் தனிவட்டி போட்டிருக்கிறது, முதல் ஆண்டு வட்டி அசலோடு சேர்வது விட்டுப்போயிற்று. 1,210 எழுதினால் மொத்தத் தொகையை வட்டி என்று எடுத்துக்கொண்டது, கேள்வியைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் போதும். 110 எழுதினால் இரண்டாம் ஆண்டு வட்டியை மட்டும் கண்டுபிடித்து நிறுத்திவிட்டது. இந்த மூன்றையும் குறித்த பிறகு, கரும்பலகையில் முதல் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் தனித்தனி வரியில் எழுதிக் காட்டுவதா, சூத்திரத்தில் நேரே தொடங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.